சூடு எங்கே போனது

என் வாழ்க்கையிலேயே நான் மிகவும் பயந்தது அதிராம்பட்டினத்தில், எங்கள் வீட்டு ஏ.சி.க்குக் கீழே உட்கார்ந்திருந்தபோதுதான். துபாய் வேலையை முடித்துக்கொண்டு ஊரோடு வந்துவிட்ட வாப்பா ஆசையாக மாட்டிய பெட்டி அது. ஜெர்மனியில் முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்துகொண்டிருந்த நான் பெருநாள் விடுப்பில் வந்திருந்தேன்.

லேசர் ஒளிகளை எதிரெதிரே விட்டால் முட்டை அட்டை போல வரிசையாகப் பள்ளங்கள் உண்டாகும். ஏற்கெனவே கடுங்குளிரில் இருக்கும் அணுக்களை அவற்றில் உட்கார வைப்பதுதான் எங்கள் வேலை. ஒளியை மெதுவாகக் கூட்டினேன். வெப்பநிலை இன்னும் இறங்கியது. குளிர்விக்கப் புது வழி கிடைத்துவிட்டது என்று கட்டுரை எழுதினேன். நான் ஊரில் ஏ.சி.க்குக் கீழே உட்கார்ந்திருந்த அன்றைக்கு மறுநாள் பேராசிரியர் அதை இதழுக்கு அனுப்பவிருந்தார். என் பட்டமே அதை நம்பித்தான் இருந்தது. வாப்பாவோ, "ஒலகத்துலயே ரொம்பக் குளிர்ச்சியான எடத்த எம் மகதான் உண்டாக்கிருக்கா" என்று தெரு முழுக்கச் சொல்லி முடித்திருந்தார்.

அப்போது, வாப்பா அக்கா முறையில் 'லாத்தா' என்று கூப்பிடும் பக்கத்து வீட்டு அம்மா ஜன்னல் வழியே சத்தம் போட்டார்.

"தம்பி, ஒங்க வீட்டுச் சூட்டையெல்லாம் எங்க அடுப்படியில கொண்டாந்து தள்ளுறீங்களே, நல்லாருக்கா?"

வாப்பா சிரித்தார். எனக்கோ ஒரு கேள்வி எழுந்தது. என் அணுக்களின் சூடு எங்கே போனது? நான் எதையும் வெளியே தள்ளவில்லையே! பள்ளம் ஆழமானால் வெப்பநிலை தானாகவே இறங்கும். ஒளியைத் தணித்தால் பழையபடி ஏறிவிடும். அணுக்களுக்குள் இருக்கும் தாறுமாறு, அதாவது ஒழுங்கின்மை, கொஞ்சமும் குறைந்திருக்காது; அது குறைந்தால்தான் உண்மையான குளிர்ச்சி. ஒளியைத் தணித்து இன்னொரு முறை அளப்பது எங்கள் ஆய்வுக்கூடத்தில் பாலபாடம். எண் இறங்கிய சந்தோஷத்தில் அதைச் செய்யாமல் விட்டிருந்தேன், மடச்சி.

வாயை மூடிக்கொண்டு இருந்துவிடலாமா என்றுகூட நினைத்தேன். அந்த நினைப்பே இன்னும் பயமாக இருந்தது. ஜெர்மனிக்குத் தொலைபேசியைச் சுழற்றினேன். சொல்லி முடித்ததும் பேராசிரியர், "கட்டுரையை அனுப்பவில்லை. முதலிலிருந்து செய்ய வேண்டும். உனக்கு மீதியிருக்கும் காலம் போதுமா என்று தெரியவில்லை" என்றார்.

ரிசீவரை வைத்ததும் அழுதுவிட்டேன்.

"தப்பாப் போச்சாம்மா?" என்றார் வாப்பா.

"ஆமா வாப்பா. குளுரவே இல்ல."

"நா தெருவெல்லாம் சொல்லிட்டேனே" என்று முணுமுணுத்தார். பிறகு ஏ.சி.யை அணைத்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனார். அவர் குரல் ஜன்னல் வழியே கேட்டது.

"லாத்தா, எம் மக சொன்ன அந்தக் குளுரு இன்னும் வரலயாம். புள்ள சரியாத்தான் சொல்லிச்சு. நான்தான் அவசரப்பட்டுட்டேன்."