பதினேழு இன்ச் வீலும் என் முதுகெலும்பும்

எங்க வூட்டுக்காரரு கார் வீலைத் தொடைக்கிறதப் பாத்தா எனக்குக் கொமட்டும். விடிஞ்சதும் ஒரு பக்கெட் தண்ணி, என் பழைய காட்டன் பொடவையில கிழிச்ச துணி, மூக்க அடைக்கிற வாசனையில ஒரு பாலிஷ். குந்திக்கினு ஒவ்வொரு சந்துலயும் விரல வுட்டு வுட்டுத் தொடைப்பாரு. உள்ள கட்டில்ல படுத்துக்கினு நான் "ஒரு சொம்பு தண்ணி குடுங்க"ன்னு கூப்ட்டா, "இருடி, கை அழுக்கா கீது"ன்னு பதில் வரும். கருமம், கல்யாணம் ஆன நாள்லேர்ந்து என் மூஞ்சியக் கூட அந்த மனுசன் அவ்ளோ கிட்டத்துல பாத்ததில்ல.

நான் ஏன் படுத்துக்கினு இருந்தேன்னா, போன மழைக்காலத்துல மாட்டுக் கொட்டாயில சாணித் தண்ணி வழுக்கி மல்லாக்க விழுந்தேன். முதுகெலும்புல ஒண்ணு நொறுங்கிப் போச்சு. ஆபரேசன் பண்ணி ஸ்க்ரூ வெச்சாங்க. ஆனா வலது பாதம் மரத்துப் போயி, தூக்க வராம தொங்குச்சு. டாக்டர் எங்க ரெண்டு பேரையும் ஒக்கார வெச்சு பட்டுன்னு சொல்லிட்டாரு. வாரத்துல மூணு நாள் பிசியோதெரபி போவணும், நிறுத்தக் கூடாது, ஒழுங்கா போனா பாதம் திரும்பி வரும், வுட்டுட்டா ஆயுசுக்கும் கால இழுத்துக்கினு தான் நடக்கணும். எனக்கு அம்பது வயசு கூட முடியல. மாடு கீது, கழனி கீது. கால இழுத்துக்கினு வரப்புல எப்படி நடப்பேன்? என்னா ஆனாலும் ஒரு நாள் கூட வுடாம போறதுன்னு முடிவு பண்ணேன்.

எங்க வூடு நெட்டப்பாக்கம் பக்கம், பிசியோதெரபி வில்லியனூர்ல. நடுவுல இருக்கிறத ரோடுன்னு சொல்றதுக்கு எனக்கு வாய் வரல. கரும்பு லோடு ஏத்தின ட்ராக்டர் போயிப் போயி ரெண்டு பக்கமும் பள்ளம். ஊருக்கு ஊரு எவனாவது வண்டியில அடிபட்டா, மறுநாளே பசங்க சிமெண்ட்டக் கொட்டி ஒரு ஸ்பீடு பிரேக்கர் போட்டுடுவானுங்க. அதுக்கு அளவும் கெடையாது, பெயிண்ட்டும் கெடையாது. கிட்ட போனா தான் மேடுன்னே தெரியும்.

எங்க கார் பழசு. டயர் நாலும் தேஞ்சு வழவழன்னு ஆயிடுச்சு, மாத்தித் தான் ஆவணும். அத மாத்துறதுக்கு எங்க வூட்டு வாசல்ல ஒரு மாநாடே நடந்துச்சு. இவரு, இவரு தம்பி, டீக்கடையிலேர்ந்து கூடவே வந்த ரெண்டு பேரு. சாயங்காலம் பூரா பேசினாங்க. பின் சீட்டுல படுத்துக்கினு போற மனுசி ஜன்னலுக்கு இந்தாண்ட தான் கீறா. ஒருத்தனாவது எட்டிப் பாத்து "உனக்கு எப்படிம்மா இருந்தா தோதா இருக்கும்"னு கேட்டானா?

கொழுந்தன் தான் ஆரம்பிச்சான். "அண்ணே, பதினாலு இன்ச் எல்லாம் பொம்மை வண்டிக்குப் போடறது. பதினேழு இன்ச் அலாய் வீல் போடு. வண்டி நிக்கிற நிப்பே வேற."

"நிப்பு இருக்கட்டும்டா. அண்ணிக்கு ஆட்டம் இல்லாம இருக்கணும்."

"அதுக்குத் தான் சொல்றேன். ட்ராக்டர பாரு. முன் சக்கரம் வரப்புல முட்டிக்கும், பின் சக்கரம் நோகாம ஏறிடும். ஏன்? பெருசு! சக்கரம் பெருசா இருந்தா பள்ளமே தெரியாது."

எல்லாரும் ஆமா ஆமான்னாங்க. கழனியில பொறந்து வளந்தவங்களுக்கு இதவிட வேற கணக்கு இன்னா வேணும்? எனக்கும் அது சரின்னு தான் பட்டுச்சு. டயர் கடைக்காரனும், "சூப்பர் சாய்ஸ்ணே"ன்னு வாயெல்லாம் பல்லா மாட்டி அனுப்பிட்டான். வண்டி வந்ததும் நாலு வீலுக்கும் சந்தனம், குங்குமம். நாலு எலுமிச்சம்பழத்த நசுக்கிக்கினு வண்டி வாசல வுட்டு கெளம்பும்போது இவரு மூஞ்சியில இருந்த பூரிப்பு இருக்கே, தலைச்சன் புள்ள பொறந்தப்ப கூட நான் பாக்கல. தெருவுல போறவன் எல்லாம் நின்னு தட்டித் தட்டிப் பாத்தான். ஒருத்தன் அந்தப் பளபளப்புலயே குனிஞ்சு தலை வாரிக்கினு போனான். ச்சீன்னு ஆயிடுச்சு.

முதல் ஸ்பீடு பிரேக்கர்லயே எனக்கு உயிர் போச்சு. அடி டயர்ல பட்ட மாதிரியே இல்ல. நேரா ஸ்க்ரூ வெச்ச எடத்துல சம்மட்டி எறங்குன மாதிரி இருந்துச்சு. "ஐயோ அம்மா"ன்னு நான் போட்ட கூச்சல்ல ரோட்டோரம் மாடு மேச்சிக்கினு இருந்தவன் திரும்பிப் பாத்தான். இவரு வண்டிய நிறுத்தினாரு. பின்னாடி திரும்பி என்னப் பாப்பாருன்னு நெனச்சேன். எறங்கிப் போயி குனிஞ்சு ரிம்மப் பாத்தாரு.

"நல்ல வேள, ஒண்ணும் ஆவல"ன்னாரு.

வில்லியனூர் போறதுக்குள்ள முதுகு எறுகி, கட்டையாட்டம் ஆயிட்டேன். பிசியோதெரபி பண்ற பொண்ணு தொடவே பயந்துச்சு. "அக்கா, இப்படி வந்தீங்கன்னா நான் எக்சர்சைஸ் குடுக்கவே முடியாது. வலி அடங்கவே ஒரு மணி நேரம் ஆவுது, அப்புறம் காலுக்கு எங்க நேரம்?"ன்னு கேட்டுச்சு. அந்த வாரம் மூணு தடவையும் இதே கத தான். மூணு தடவையும் பாதத்துக்கு ஒண்ணும் பண்ணாம திரும்பி வந்தோம். 

படுத்துக் கெடக்கிறவளுக்கு வேற வேல இன்னா? செல்லுல டயரப் பத்தி வீடியோ பாக்க ஆரம்பிச்சேன். டயர் ஓரத்துல எழுதியிருக்கிற நம்பர் எதுக்குன்னு அன்னிக்குத் தான் தெரிஞ்சுது. பழைய டயர்ல நூத்தி அறுவத்தஞ்சு, எம்பது, பதினாலு. முதல் நம்பர் டயரோட அகலம். ரெண்டாவது, அந்த அகலத்துல நூத்துக்கு எவ்ளோ ரப்பர் ஒசரம்ன்றது. கடைசி நம்பர் உள்ள இருக்கிற ரிம்மு, அந்த வட்டம் எத்தினி இன்ச்சுன்றது. புதுசுல எரநூத்தி அஞ்சு, நாப்பத்தஞ்சு, பதினேழு. அப்போ இவங்க சக்கரத்தப் பெருசு பண்ணவே இல்ல! மொத்த ஒசரம் ஏறக்கொறைய அதே தான். உள்ள ரிம்ம பெருசு பண்ணி, மேல ரப்பரக் கொறைச்சுட்டாங்க. அடிய வாங்கி அமுங்குறது அந்த ரப்பரும் உள்ள இருக்கிற காத்தும் தான். ட்ராக்டர் பின் சக்கரத்துல அந்த ரப்பரே ஒரு சாணுக்கு மேல இருக்கும். இந்த வண்டியில முன்ன ஏழு விரல் ஒசரம் இருந்தது, இப்போ நாலஞ்சு விரல்.

இதச் சொன்னேன். கொழுந்தன் சிரிச்சான். "அண்ணி இஞ்சினியர் ஆயிட்டாங்க."

"காத்து எவ்ளோ வெச்சிக்கீற?"ன்னு அவனக் கேட்டேன்.

"நாப்பது."

"கார் கதவு ஓரத்துல முப்பதுன்னு ஒட்டியிருக்கே?"

"இதுல ரப்பர் ஒல்லி அண்ணி. காத்து கம்மி பண்ணா பள்ளத்துல ரிம் அடி வாங்கிடும்."

"ரிம் அடி வாங்கக் கூடாது, நான் வாங்கலாமா?"

அவன் செல்லு நோண்ட ஆரம்பிச்சுட்டான். நான் இவரப் பாத்து சொன்னேன்: "நீங்க ஒரு வாட்டி அந்த பின் சீட்டுல என்னாட்டம் படுங்க. தம்பி ஓட்டட்டும். பக்கத்து ஊரு வரைக்கும் போயிட்டு வாங்க, போதும்." முதல்ல மழுப்பினாரு. நான் வுடல. கடைசியில போனாரு. திரும்பி வந்து எறங்கும்போது இடுப்பப் புடிச்சிக்கினு எறங்கினாரு, மூஞ்சி வெளிறிப் போயிருந்துச்சு. ஆபரேசன் ஆவாத ஒடம்பு அது. நேரா உள்ள போயி படுத்துக்கினாரு. எனக்குப் பாவமாக் கூட இருந்துச்சு. சரி, மனுசனுக்குப் புரிஞ்சிடுச்சு, நாளைக்கு மாத்திடுவாருன்னு நிம்மதியா தூங்கினேன்.

மறுநாள் மத்தியானம் கக்கத்துல எதையோ சுருட்டி எடுத்துக்கினு வந்தாரு.

"இன்னா அது?"

"மெத்த. பின் சீட்டுக்கு அளவெடுத்து வாங்கியாந்தேன். உனக்காகத் தான்டி."

தூ! என் வாழ்நாள்ல அவ்ளோ அருவருப்பா ஒரு சொல்லக் கேட்டதில்ல. தெரியாம பண்ணா மன்னிக்கலாம். வலிச்சுது, தெரிஞ்சுது, எறங்கும்போது அவரு மூஞ்சிய நானே பாத்தேன். தெரிஞ்ச பின்னாடியும் அந்த வீல கழட்ட மனசு வரல. அன்னிக்கு எனக்கு அழுகையே வரல. அவரு போட்ட சோத்தத் திங்கவும் புடிக்கல.

அடுத்த நாள் அறுப்பு மிஷின் வருதுன்னு அவரு கழனிக்குப் போயிட்டாரு. நான் டயர் கடைக்குப் போன் போட்டேன். "பழைய இரும்பு ரிம் நாலும் எங்க மோட்டார் கொட்டாயில கீது. நூத்தி அறுவத்தஞ்சு, எம்பது, பதினாலு. புது டயர் நாலு எடுத்துக்கினு வூட்டுக்கு வா."

"அண்ணனக் கேட்டீங்களாக்கா?"

"அண்ணனா பின் சீட்டுல படுக்கப் போறாரு?"

 ஆளோட வந்து மாட்டினான். நான் சுவத்தப் புடிச்சிக்கினு வாசப்படியில நின்னு, காத்து முப்பதான்னு கேட்டுக் கேட்டு வெக்கச் சொன்னேன். அலாய் நாலும் கொட்டாயில போயி ஒக்காந்துச்சு.

பொழுது சாய இவரு வந்தாரு. வண்டியப் பாத்தவரு அப்படியே நின்னுட்டாரு. சுத்திச் சுத்தி வந்தாரு. நான் சண்டைக்குத் தயாரா தான் இருந்தேன். அவரு கேட்ட முதல் கேள்வி, "கழட்டும்போது கோடு கீடு போட்டுட்டானா?"

"கொட்டாயில கீது, போயி பாருங்க"ன்னேன். அவரு கொட்டாயிக்குப் போயி நாலையும் தடவிப் பாத்துட்டு வந்து, "வண்டி அம்மணமா நிக்குதுடி"ன்னாரு.

"நிக்கட்டும். ஓடினா போதும்"னேன்.

அடுத்த தடவ போனோம். அதே ரோடு, அதே பள்ளம், பசங்க போட்ட அதே மேடு. பல்லக் கடிச்சுக்கினு காத்திருந்தேன். வண்டி ஏறுச்சு, அமுங்குச்சு, எறங்குச்சு. வலி இல்லாம இல்ல, ஆனா கத்துற வலி இல்ல. மெத்தயத் தலைக்கு வெச்சுக்கினேன். பிசியோதெரபி பொண்ணு அன்னிக்குத் தான் முழுசா என் பாதத்துக்கு வேல குடுத்துச்சு. அப்புறம் ஒரு நாளும் வுடல. ஒரு மாசத்துல கட்ட விரல் அசைஞ்சுது. அப்புறம் பாதம் கொஞ்சம் கொஞ்சமா மேல தூக்க வந்துச்சு.

இதுக்கு நடுவுல ஒண்ணு கவனிச்சேன். அலாய் இருந்தப்போ பிசியோதெரபி வாசல்லயே, படியில இடிக்கிற மாதிரி கொண்டாந்து நிறுத்துவாரு. நான் உள்ள கத்திக்கினு கெடக்க, இவரு பானெட்ல சாஞ்சிக்கினு வரவன் போறவன்கிட்ட வீல் கதைய அளப்பாரு. இப்போ தெருமுனையிலயே நிறுத்திடறாரு. "உள்ள திருப்ப முடியாது, இங்கயே எறங்கிக்க"ன்றாரு. லாரி திரும்புற தெரு அது. அந்தத் தெருவுல இவருக்குத் தெரிஞ்சவங்க கட கீது, இரும்பு ரிம்மப் பாத்துடுவாங்கன்னு வெக்கம். பொண்டாட்டி ரோட்ல போட்ட கூச்சலுக்கு வெக்கப்படாத ஆளு.

முதல் தடவ நான் குச்சிய ஊனி எறங்கினேன். நடந்தேன். மூணு எடத்துல நின்னு மூச்சு வாங்கி நடந்தேன். அப்புறம் ரெண்டு எடத்துல நின்னேன். இந்த வாரம் எங்கயும் நிக்காம, குச்சியக் கையில தூக்கிக்கினே போயிட்டேன். படியில நின்ன பொண்ணு என் காலையே பாத்துது. "அக்கா, இழுக்கவே இல்ல!"ன்னு கத்தி, ஓடியாந்து கையப் புடிச்சுக்கிச்சு. அங்க தான் எனக்கு அழுகை வந்துச்சு.

முடிச்சிட்டு தெருமுனைக்குத் திரும்பி வந்தேன். இவரு யார் வண்டியோ மாதிரி முதுகக் காட்டிக்கினு கொஞ்சம் தள்ளி நின்னுக்கினு இருந்தாரு. நான் நடந்து வந்ததப் பாக்கல. வண்டியில ஏறி ஒக்காந்துக்கினு சொன்னேன்:

"நாளன்னிக்கு இன்னும் கொஞ்சம் தள்ளி நிறுத்துங்க. எனக்கு நட பத்தல."