பூவத்தைத் தாண்டிப் போன கல்யாணம்

காரைக்காலில் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகத்தில் களப்பணியாளராக இருக்கிறேன். எத்தனையோ வீடுகளுக்குப் போயிருக்கிறேன். அவற்றில் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய பூவத்தில் இருந்த அந்த வீட்டைப் பற்றி மட்டும் நான் யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை.

முதலில் தகவல் சொன்னவர் அந்தப் பெண்ணின் வகுப்பு டீச்சர். "பதினாறு வயசுங்க. வெள்ளிக்கிழமை கல்யாணமாம். நோட்டையெல்லாம் பக்கத்துல உக்கார்ற பிள்ளைக்குக் குடுத்துட்டா. நான் சொன்னேன்னு தெரிய வேணாம்" என்றார்.

செவ்வாய்க்கிழமை போனேன். அப்பா கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து இறந்துபோனவர். அம்மா வயல் வேலைக்குப் போகிறவர். மாப்பிள்ளை தாய்மாமன் மகன், இருபத்திரண்டு வயதுக் கொத்தனார். சட்டத்தை எடுத்துச் சொன்னேன். அந்த அம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நான் வேலைக்குப் போனா பொண்ணு தனியாக் கிடக்குறா. தெனம் நீங்க வந்து காவல் இருப்பீங்களா?" என்றார். சட்டத்தை மறுபடி முதலிலிருந்து சொன்னேன். கடைசியில், பதினெட்டு முடியாமல் கல்யாணம் செய்ய மாட்டேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

கிளம்பும்போது அந்தப் பெண் வாசல்வரை வந்தாள். "அக்கா, எழுதிக் குடுத்துட்டாங்கன்னு விட்டுட்டுப் போயிடாதீங்க" என்றாள், உதடு அசையாத மாதிரி.

"விட மாட்டேன்மா" என்றேன்.

வெள்ளிக்கிழமை காலையில் போலீஸ் ஜீப்போடு போனோம். வீடு பூட்டியிருந்தது. "விடியுறதுக்குள்ளேயே வேன்ல போயிட்டாங்க. அந்தாண்ட, மாமன் ஊர்க் கோயில்ல தாலி கட்டுறாங்களாம்" என்றார் பக்கத்து வீட்டுக்காரர். அந்தாண்ட என்றால் தமிழ்நாடு. பத்து நிமிஷத்து வழி.

எல்லைப் பலகைக்கு முன்னால் சப்-இன்ஸ்பெக்டர் வண்டியை ஓரங்கட்டினார். "இதுக்கு மேல எனக்கு அதிகாரம் இல்லம்மா. அந்தப் பக்கத்து ஆபீஸைக் கூப்பிடுங்க" என்றார். கூப்பிட்டேன். அந்த மாவட்ட அலுவலகத்தில் இருந்தவர் மரியாதையாகத்தான் பேசினார். "பொண்ணு உங்க ஊருங்க. எழுத்துல அனுப்புங்க, உடனே பாக்குறோம்." எங்கள் அதிகாரியோ புதுச்சேரியில் கூட்டத்தில் இருந்தார். கடிதத்தில் அவர் கையெழுத்துக்காக ஜீப் நிழலில் நின்றுகொண்டிருந்தேன். அந்த நேரமெல்லாம் ரோட்டில் ஷேர் ஆட்டோக்கள் வடக்கே போய்க்கொண்டுதான் இருந்தன. ஒன்றில் ஏறியிருக்கலாம். தனியாகப் போனால் அடிப்பார்கள் என்று சப்-இன்ஸ்பெக்டர் சொன்னார். நானும் அதைக் கேட்டுக்கொண்டேன்.

கடிதம் போய், அவர்கள் கிளம்பி, கோயிலுக்குப் போனபோது கல்யாணம் முடிந்து பெருக்கிக்கொண்டிருந்தார்களாம். மாலையே பெண்ணையும் பையனையும் திருப்பூருக்கு அனுப்பிவிட்டார்கள். கோப்பு இரண்டு மாவட்டங்களுக்கு நடுவே போய்ப் போய் வந்தது.

எட்டு மாதம் கழித்து, வயிற்றுப் பிள்ளையோடு அவளைக் காரைக்காலில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டி வந்தார்கள். ஆதாரில் வயதைப் பார்த்த டாக்டர் சட்டப்படி போலீஸுக்குச் சொன்னார். அன்று எல்லாம் மளமளவென்று நடந்தது. இந்தப் பக்கத்துப் போலீஸ், அந்தப் பக்கத்துப் போலீஸ், நாங்கள், எல்லாரும் ஒரு மணி நேரத்தில் வந்துவிட்டோம். இட்லிப் பொட்டலத்தோடு படியேறி வந்த கணவனை அங்கேயே பிடித்தார்கள்.

கட்டிலில் உட்கார்ந்திருந்தவள் ஜன்னல் வழியாகக் கீழே நின்ற வண்டிகளைப் பார்த்தாள். "அன்னிக்கு ஒரு வண்டிகூட வரலியே அக்கா" என்றாள். கோபமே இல்லை குரலில். அதுதான் தாங்க முடியவில்லை. கழிப்பறைக்குள் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து படிவத்தை நிரப்பினேன்.

அவளைக் காப்பகத்தில் சேர்த்தோம். பெண் குழந்தை பிறந்தது. மகனைச் சிறைக்கு அனுப்பிய பாவி என்று மாமன் வீடு கைவிட்டது. தன் அண்ணனான அந்த மாமனுக்குப் பயந்து அம்மாவும் வரவில்லை.

பிறகு இரண்டு பக்கத்து அதிகாரிகளும் ஒரே மேசையில் உட்கார்ந்தார்கள். கடிதத்துக்குக் காத்திருக்க வேண்டாம், போனில் சொன்னாலே போதும் என்று முடிவானது. அடுத்த மாதமே எங்கள் அம்பகரத்தூர்ப் பக்கத்துப் பெண் ஒருத்தியை, எல்லை தாண்டிய பிறகும், கல்யாண மண்டப வாசலிலேயே தடுத்துக் கூட்டி வந்தோம்.

அதைச் சொன்னால் ஆறுதலாக இருக்கும் என்று நினைத்துக் காப்பகத்துக்குப் போனேன். யாருக்கு ஆறுதல் என்று அப்போது யோசிக்கவில்லை. துணி மடித்துக்கொண்டே கேட்டாள்.

"அந்தப் பொண்ணு இப்ப பள்ளிக்கூடம் போறாளா அக்கா?"

"போறாம்மா."

"நல்லாருக்கட்டும்" என்றாள். குழந்தை சிணுங்கியது. மடித்த துணியை அப்படியே வைத்துவிட்டு, பிள்ளையைத் தூக்கப் போனாள்.