புகைநாச்சிக்குக் கால் இல்லாத கதை

புகைநாச்சியைத் தெரியாத பிள்ளை அந்த ஊரில் கிடையாது. படக்கதைப் புத்தகத்துக்குள் அவள் பறப்பாள், சுவரைத் துளைத்துக்கொண்டு வருவாள், திருடனைப் பிடரியில் பிடித்துத் தூக்கித் தண்ணீர்த் தொட்டியில் முக்குவாள். முழங்காலுக்குக் கீழே அவளுக்கு வெறும் புகைதான். அந்தப் புகைக்குப் புத்தகத்தில் பெரிய பெரிய காரணமெல்லாம் சொல்லியிருந்தார்கள். உண்மைக் காரணம் ஒன்றே ஒன்று. அவளை வரைந்த ஆளுக்குக் கால் போட வராது.

அந்த ஆளுக்குப் பேர் அரையாள். பெற்றவர்கள் வைத்த பேர் வேறு, அது சம்பளக் கவரின் மேல் மட்டும் இருந்தது. ஆள் கொஞ்சம் குள்ளம். அதனால்தான் அப்படிக் கூப்பிடுகிறார்கள் என்று அச்சகத்தில் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். நினைத்துக்கொள்ளட்டும் என்று அவரும் விட்டுவிட்டார். நிஜத்தில் அது அவர் முன்னே வேலை பார்த்த இடத்தில், கடை போர்டு எழுதுகிற பட்டறையில், ஒட்டிக்கொண்ட பேர்.

போர்டு வேலையில் முழு ஆள் தேவைப்படாது. முடிவெட்டும் கடைக்கு ரெண்டு தலை போதும். பல் டாக்டருக்கு வாய் மட்டும். தையல் கடைக்குக் கோட்டு, அதை மாட்டிக்கொள்ள ஒரு மார்பு. அதற்குக் கீழே கடைப் பேர் கொட்டை எழுத்தில் வந்து உட்கார்ந்துவிடும். கடைக்காரன் காசு கொடுப்பது பேருக்குத்தானே, காலுக்கா கொடுக்கிறான்? ஒரே ஒரு தடவை நடனப் பள்ளிக்காரி ஒருத்தி வந்து, தலையிலிருந்து பாதம் வரைக்கும் ஆடுகிற பெண் வேண்டும் என்று கேட்டாள். இவரும் துணிந்து போட்டார். அந்த அம்மா போர்டைப் பார்த்தாள். "முகம் நல்லா இருக்குங்க. ஏன் ரெண்டு ரொட்டி மேல ஏறி நிக்கிறா?" என்று கேட்டாள். பட்டறையே விழுந்து விழுந்து சிரித்தது. அன்றைக்கு வைத்ததுதான் அரையாள்.

பிறகு ஏணியில் ஏறினால் தலை சுற்ற ஆரம்பித்தது. மனைவியின் தம்பி ஒரு படக்கதை அச்சகத்தில் பைண்டிங் பிரிவில் இருந்தான். மச்சானுக்கு வாய் நீளம், மனசு நல்லது. அவன்தான் மாமாவைக் கூட்டிக்கொண்டு போய் முதலாளி முன்னால் நிறுத்தினான். "உக்காந்த இடத்துல வேலை மாமா. விழுந்தாலும் நாற்காலியிலேருந்துதான் விழுவீங்க."

அந்த அச்சகத்தில் அப்போது ஓடிக்கொண்டிருந்தது 'இரும்புத்தாடை' என்று ஒரு துப்பறிகிறவன் கதை. ஜெயில் கம்பியையே கடித்து முறிக்கிற ஆள். அந்தப் புத்தகத்தின் கடைசி நாலு பக்கத்தை ஏதாவது சின்னக் கதை போட்டு அடைப்பார்கள். அதை வரைந்துகொண்டிருந்தவர் தங்கை கல்யாணத்துக்கு என்று லீவில் போனவர் திரும்பவே இல்லை. அரையாளுக்கு அந்த நாலு பக்கம் கிடைத்தது.

கதைக்காரர் எழுதிக் கொடுத்தார். ஆலையில் காவலுக்கு நிற்கிற ஒரு பெண். திருடன் வருகிறான். இவள் துரத்துகிறாள், கூரை மேல் ஓடுகிறாள், மதில் மேல் ஓடுகிறாள், படியில் இறங்கி ஓடுகிறாள். கதை முழுக்க ஓட்டம். அரையாள் அதைப் படித்துவிட்டுப் பேனாவை எடுத்தார். இடுப்பு வரைக்கும் ஜோராகப் போட்டார். கூந்தல் பறக்கிறது, கண்ணில் பொறி தெறிக்கிறது. கீழே காலி. சாப்பாட்டு வேளையில் முதலாளி படியேறி வருகிற சத்தம் கேட்டது. வேறு வழி தெரியாமல் கட்டைவிரலை மையில் தோய்த்து, ஒவ்வொரு கட்டத்திலும் அவள் முழங்காலுக்குக் கீழே இழுத்து இழுத்துத் தேய்த்தார்.

முதலாளி பக்கத்தைத் தூக்கிப் பார்த்தார். எதையாவது உற்றுப் பார்க்க வேண்டுமென்றால் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிடுவார், அது ஏன் என்று யாருக்கும் தெரியாது.

"இது என்னய்யா கீழே?"

"புகைங்க."

"எங்கேருந்து வருது?"

அரையாள் மை ஒட்டிய கட்டைவிரலை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார். "அவங்க செத்துட்டாங்க" என்றார்.

"யாரு?"

"இந்தப் பொண்ணுங்க. ஆவி. ஆவிக்குக் கால் இருக்காதுல்ல."

பக்கத்து மேசையிலிருந்து கதைக்காரர் எழுந்துவிட்டார். "யோவ், நான் ஒரு மணி நேரம் கீழே போய்ட்டு வர்றதுக்குள்ள என் கதாநாயகியைக் கொன்னுட்டியா? கேக்க ஆள் இல்லையா இங்கே?"

"நீ சும்மா இரு" என்றார் முதலாளி. பக்கத்தைத் தூரத்தில் பிடித்தார், கிட்டே பிடித்தார். "சாகட்டும்யா. செத்ததுக்கு அப்புறம்தான் பாக்க நல்லா இருக்கா."

அப்படிப் பிறந்தவள் புகைநாச்சி. கதைக்காரருக்குக் கோபம் தணிய ஒரு வாரம் ஆனது. தணிந்ததும் மனுஷன் புகுந்து விளையாடினார். ஆலைக் கொதிகலன் வெடித்து அவள் செத்தாள், அந்தப் புகையிலேயே எழுந்தாள், அவளுடைய கால் ரெண்டும் கொதிகலன் அறைக்குள்ளேயே மாட்டிக்கொண்டது, அந்த அறைச் சாவி கெட்ட ஆலை முதலாளி கையில் இருக்கிறது. வருஷா வருஷம் சிறப்பிதழில் அவன் சாவியை எடுத்து ஆட்டிக் காட்டுவான், பிள்ளைகள் பல்லைக் கடிப்பார்கள்.

நாலு பக்கம் எட்டு ஆனது. எட்டு பதினாறு ஆனது. அப்புறம் அட்டையில் அவள் முகம் வந்தது. ஒரு நாள் பார்த்தால் அவளுக்கே தனிப் புத்தகம், இரும்புத்தாடை கடைசி நாலு பக்கத்தில் போய் ஒண்டிக்கொண்டிருக்கிறான். முதலில் கறுப்பும் நீலமும்தான். நீலம் முழுக்கப் புகைக்கே போனது. பிறகு சிவப்பும் சேர்ந்தது. காகிதம் கிடைக்காத காலத்தில் உள்ளங்கை அளவுக்குச் சுருங்கினாள், கிடைத்த காலத்தில் தலையணை அளவுக்குப் பெருத்தாள். எந்த அளவில் வந்தாலும் கால் மட்டும் வரவில்லை.

நாச்சிக்குத்தான் புகை. மற்றவர்களுக்கு என்ன செய்வது? அதற்கும் அரையாள் வழி வைத்திருந்தார். திருடர்கள் எப்போதும் மேசைக்குப் பின்னால் நின்றார்கள். போலீஸ்காரர்கள் மதிலுக்கு அந்தப் பக்கம் நின்றார்கள். அடிதடி என்றால் வெள்ளத்தில் நடக்கும், இல்லாவிட்டால் முழங்கால் உயரப் புல்லில் நடக்கும். ஒரு தடவை கதைக்காரர் வங்கிக் கொள்ளை எழுதிக் கொடுத்தார். பக்கம் வந்ததும் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"வங்கிக்குள்ள ஏதுய்யா புல்லு?"

"ஒரு குளிர்ச்சிக்குப் போட்டேன் சார்" என்றார் அரையாள்.

இப்படியே வருஷங்கள் ஓடின. அப்புறம் வேறொரு கம்பெனி 'மின்னல்மாலா' என்று ஒருத்தியை இறக்கியது. வழவழவென்று காகிதம், கண்ணைப் பறிக்கிற கலர். அவள் மாடிக்கு மாடி தாவினாள். தாவும்போது கால்விரல் பத்தும் தெரிந்தது. புகைநாச்சியின் கட்டுகள் கடைகளிலிருந்து பிரிக்காமலே திரும்பி வர ஆரம்பித்தன. திரும்பி வருவதை எடுத்து அடுக்குவது மச்சான் வேலை. "மாமா, உங்க நாச்சி வீட்டுக்கு வந்துட்டா" என்பான். முதலில் சிரித்துக்கொண்டு சொன்னான், பிறகு சிரிக்காமல் சொன்னான்.

முதலாளி அரையாளையும் கதைக்காரரையும் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

"ஒரு ஷூக் கம்பெனிக்காரர் வந்தார். வருஷம் பூரா பின் அட்டையை விளம்பரத்துக்கு அவரே எடுத்துக்கறாராம். ஆனா ஒரு நிபந்தனை. நாச்சிக்குக் கால் திரும்பக் கிடைக்கணும். கிடைச்ச கால்ல அவரோட ஷூ இருக்கணும். அட்டையிலே முழுசா நிக்கணும். இது நடந்தா நாச்சி இருப்பா. இல்லேன்னா அடுத்த இதழோட இழுத்து மூடிட வேண்டியதுதான்."

கதைக்காரர் நாற்காலியிலிருந்து துள்ளினார். "சாவியைப் பிடுங்கிடறேன் சார். 'கால் மீட்ட நாச்சி', தலைப்பே ரெடி."

அரையாள் தலையைக் குனிந்துகொண்டார். முதலாளி அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விட்டார். ஷூக்காரர் திங்கட்கிழமை சரக்கோடு வருகிறார், அவர் எதிரிலேயே வரைய வேண்டும் என்று படியிலிருந்து குரல் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை வீட்டில் ஒரே கூத்து. மனைவி முக்காலியில் கால் ரெண்டையும் தூக்கி வைத்துக்கொண்டு பட்டாணி உரித்தாள். அரையாள் எதிரே தரையில் உட்கார்ந்து வரைந்தார், கிழித்தார், வரைந்தார்.

"இது என் காலா?"

"ஆமா."

"விரல் ஆறு இருக்கு."

"ஒண்ணு நிழல்."

அந்த நேரம் பார்த்து மச்சான் உள்ளே வந்தான். படத்தை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "அக்கா, பன் யார் சுட்டது? ஒரு பக்கம் வேகலையே."

"டேய், உனக்குத் தெரியாதா அவர் பாடு" என்று அவன் மேல் பட்டாணித் தோலை வீசினாள் அக்கா. பிறகு கணவனைப் பார்த்துச் சொன்னாள். "மத்த புத்தகத்துக்கு அட்டை வரையிறவர் ஒருத்தர் இருக்காரே, அவர்கிட்ட காலை மட்டும் போட்டு வாங்கிக்கங்களேன்."

"வேணாம். அவ என் கட்டைவிரல்லேருந்து வந்தவ. இன்னொருத்தன் வந்து கால் ஒட்ட வேண்டாம். அதுக்கு அவ போறதே மேல்."

"அப்ப உண்மையைச் சொல்லிடுங்க. ஒரு பொம்பளையைக் கொன்னுட்டேன்னு சொல்லத் தைரியம் இருந்துச்சு. கால் வராதுன்னு சொல்ல இல்லையா?"

அரையாள் இன்னொரு தாளை எடுத்தார். காலை இறக்கிக்கொள்ளலாமா என்று அவள் கேட்டாள், மரத்துப்போய்விட்டதாம்.

திங்கட்கிழமை ஷூக்காரர் வந்தார். வழுக்கைத் தலையும் போட்டிருந்த ஷூவும் ஒரே பளபளப்பு. பெட்டியைத் திறந்து மெல்லிய தாளை விலக்கி ஒரு ஜோடியை மேசை மேல் வைத்தார். சிவப்புத் தோல், வெள்ளிக் கொக்கி, உள்ளே குதிகால் பதிகிற இடத்தில் பொன் எழுத்தில் அவர் பேர். முதலாளி பக்கத்தில் நின்றார், கதைக்காரர் எதிரில் நின்றார். மச்சான் எங்கேயும் கொண்டுபோக வேண்டியில்லாத ஒரு புத்தகக் கட்டைத் தோளில் வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றான்.

அரையாள் பேனாவை மையில் தோய்த்தார். முதலில் ஷூவைப் போட்டார். அதில் அவருக்கு ஒரு தொல்லையும் இல்லை. பட்டறைக் காலத்தில் எத்தனையோ செருப்புக்கடை போர்டுக்கு வரிசை வரிசையாகப் போட்ட கை. தோலின் மினுமினுப்பு வந்தது, கொக்கி வந்தது. பேரைக் கண்டால் பெரிதாக எழுதுகிற பழக்கம் போகவில்லையே, உள்ளே இருந்த பேரை நிஜத்தைவிடப் பெரிதாகவே எழுதிவிட்டார். பிறகு மேலே போனார். நாச்சியின் முகம், தோள், இடுப்பு, பாவாடை, முழங்கால். பிறகு கட்டைவிரல் தானாகவே மைக்குப் போனது. புகை இறங்கி இறங்கி வந்து ஷூவுக்கு ஒரு விரற்கடை மேலே நின்றுவிட்டது.

எல்லோரும் காத்திருந்தார்கள். பேனா அசையவில்லை.

"கால் எங்கே?" என்றார் ஷூக்காரர்.

அரையாள் பேனாவைக் கீழே வைத்தார். முதலாளியைப் பார்த்தார், மச்சானைப் பார்த்தார். "எனக்குக் கால் போட வராதுங்க" என்றார். "என்னைக்குமே வராது."

 ஷூக்காரர் படத்தைத் தன் பக்கம் இழுத்தார். குனிந்து பார்த்தார். அவர் உதடு துடித்தது, தோள் குலுங்கியது. மனுஷன் சிரிக்கிறார் என்று தெரிய எல்லோருக்கும் கொஞ்ச நேரம் பிடித்தது.

"வராதாம்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். "எவ்வளவு நாசூக்காச் சொல்றார் பாருங்க. யோவ் முட்டாளே, கால் போட்டா உன் பேர் மறைஞ்சிடும்யான்னு மூஞ்சிக்கு நேரா சொல்ல வேண்டியதுதானே. நான்தான் கால் கால்னு கேட்டேன். கால் உள்ளே போயிருந்தா இந்த எழுத்து தெரியுமா? உள்தையல் தெரியுமா?"

"இல்லைங்க, நிஜமாவே எனக்கு..." என்று ஆரம்பித்தார் அரையாள்.

முதலாளி அவர் தோளில் கையை வைத்து அழுத்தினார். "எங்க ஓவியர் அப்படித்தான் சார். தன்னடக்கம் ஜாஸ்தி."

கதைக்காரர் அதற்குள் வேறு உலகத்துக்குப் போய்விட்டார். "ஷூ மட்டும் தானா நடந்து வருது சார். டக், டக், டக். இருட்டுச் சந்து. ஆள் இல்லை, ஷூ மட்டும். திருடனுக்குத் தொண்டை காயுது. திரும்பிப் பாக்கறான், பின்னாடி புகை. அவ்வளவுதான், நாச்சி அதைக் கையில எடுத்து நாலு சாத்து சாத்தறா."

"என் ஷூவால அடிக்கிறாளா?" ஷூக்காரர் முகம் சுருங்கியது. "மதிப்பா இருக்குமா அது?"

"சார், ஊர்ல யாரையாவது செருப்பால அடிக்கணும்னு நினைக்காத ஆள் இருக்காங்களா?" என்று வாசலிலிருந்து கேட்டான் மச்சான். "அத்தனை பேரும் வாங்குவாங்க."

ஷூக்காரர் யோசித்தார். அவருக்கும் யாரோ ஞாபகத்துக்கு வந்திருக்க வேண்டும். தலையை ஆட்டிவிட்டார். காபி குடித்துவிட்டுப் போனார். ஷூவை இங்கேயே வைத்துவிட்டுப் போனார்.

வண்டி கிளம்புகிற சத்தம் ஓய்ந்ததும் முதலாளி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

"நீ சொன்னது நிஜமாய்யா?"

"நிஜம்ங்க."

"அப்ப அந்த வங்கிப் புல்லு?"

"அதுவும்தாங்க."

கதைக்காரர் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். "பாவி. அந்தப் புல்லுக்கு நான் ராத்தூக்கம் இல்லாம ஒரு காரணம் கண்டுபிடிச்சேன்யா. மேனேஜர் மாடு வளக்கறார்னு வசனம் எழுதினேன். வங்கிக்குள்ள மாடு. அதைப் படிச்சிட்டு என் மாமனார் என்கூடப் பேசறதையே விட்டுட்டார்."

முதலாளி சிரிப்பை அடக்கிக்கொண்டு படியிறங்கினார். பாதி வழியில் நின்று, "இது இந்த அறையைத் தாண்டக் கூடாது" என்றார். வாசலில் நின்ற மச்சானைப் பார்த்துத்தான் சொன்னார்.

ஷூ நடந்த இதழை அச்சகம் ரெண்டாம் முறை அடித்தது. திரும்பி வந்த கட்டு எதுவும் இல்லாததால் மச்சானுக்கு அடுக்க வேலை இல்லை, வந்து வந்து மாமா மேசையில் உட்கார்ந்து வாயடித்தான். மின்னல்மாலா தாவிக்கொண்டுதான் இருந்தாள், யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. அந்தச் சிவப்பு ஷூ மனைவிக்குக் கனகச்சிதமாக இருந்தது. மரத்துப்போன காலுக்குக் கூலி என்று எடுத்துக்கொண்டாள்.

அடுத்த மாதக் கதையைக் கதைக்காரர் முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டுதான் கொடுத்தார். அரையாளைப் பார்த்துப் பேசவில்லை, தாளை மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டார். இன்னும் கோபம் தீரவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு அரையாள் முதல் வரியைப் படித்தார்.

'காட்சி ஒன்று. ஆகாய விமானத்தின் உள்ளே. பயணிகள், விமானி, கொள்ளைக்காரர்கள் எல்லோரும் நிற்கிறார்கள். முழங்கால் உயரத்துக்குப் புல்.'