கட்டிக்கொடுத்த சிறுநீரகம்

சோபாவுக்குப் பஞ்சு அடைப்பது அவர் தொழில். உறையைத் தைத்து மூடியபின் உள்ளங்கையால் ஒருமுறை அழுத்தித் தடவுவார். எங்கே பஞ்சு கட்டி தட்டியிருக்கிறது என்று விரல் சொல்லிவிடும். ஒரு காலையில் முகம் மழிக்கும்போது அதே விரல் அவர் கழுத்தில் ஒரு கட்டியின்மேல் நின்றது. வலித்திருந்தால் அவ்வளவு பயந்திருக்க மாட்டார்.

சில ஆண்டுகளுக்கு முன் அவருக்குத் தன் சிறுநீரகம் ஒன்றைக் கொடுத்தவர் அக்கா. சீருடை ஆலையில் துணி வெட்டுபவர், வாயாடி. கொடுத்த நாளிலிருந்து அதைக் கட்டிக்கொடுத்த பெண் என்றே பேசுவார். தொலைபேசியில் முதல் கேள்வியே, "எம்பொண்ணைக் கண் கலங்காம வச்சிருக்கியாடா?" என்பதுதான். ராணி மாதிரி இருக்கிறாள் என்று இவர் சொல்ல வேண்டும். வேளை தவறாமல் இவர் விழுங்கிய மாத்திரைகளும் அந்த ராணிக்காகத்தான். அந்நிய உறுப்பைக் கண்டால் பாயும் எதிர்ப்புச் சக்தியை அவை அரைத்தூக்கத்தில் வைத்திருந்தன.

கட்டியிலிருந்து துணுக்கு எடுத்துச் சோதித்த மருத்துவர் சொன்னது இது. அநேகமாக எல்லோர் உடம்பிலும் சின்ன வயதிலேயே புகுந்து சத்தமில்லாமல் தங்கிவிடும் ஒரு வைரஸ் உண்டு. எதிர்ப்புச் சக்தி விழித்திருக்கும்வரை அது வாலாட்டாது. இவருக்குக் காவல் தளர்ந்ததால், ரத்த வெள்ளணுக்களைத் தாறுமாறாகப் பெருகவைத்துப் புற்றுநோயாக்கிவிட்டது. முதல் வைத்தியம் மாத்திரையைக் குறைப்பது. விழித்துக்கொண்ட உடம்பே அந்த அணுக்களை அழிக்கக்கூடும். சிறுநீரகத்தின் மீதும் பாயக்கூடும்.

தலையாட்டிவிட்டு வந்தார். குறைக்கவில்லை.

அடுத்த பரிசோதனைக்கு அக்காவும் வந்திருந்தார். கட்டி பெருத்திருந்தது. ரத்தத்தில் மருந்தின் அளவு ஏன் இறங்கவே இல்லை என்று மருத்துவர் கேட்க, இவர் செருப்பைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். வெளியே வந்ததும் அக்கா வழிமறித்தார்.

"ஏன்டா?"

"உம்பொண்ணை அடிக்க நானே ஆள் ஏவுற மாதிரி இருந்துச்சுக்கா."

அக்கா அவர் தோளைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினார்.

"பொண்ணுன்னு நான் சும்மா சொன்னதுடா. நீ இருக்கணும்னுதான் குடுத்தேன். நீயே போயிட்டா அவ எங்க குடியிருப்பா?"

அன்றே மாத்திரை குறைந்தது. துணிவு என்பது பெரிய சொல். அதை இங்கே போட வேண்டியதில்லை. உடம்பு விழிக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டே, விழித்துவிட்டதோ என்றும் நடுங்கினார். ஒரு கை கழுத்துக்குப் போகும், மறு கை சிறுநீரகம் இருக்கும் அடிவயிற்றுக்குப் போகும். பட்டறையில் பாதி தைத்த நாற்காலிகள் அப்படியே கிடந்தன.

சில வாரங்களில் கட்டியை விரல் தேடிப் பிடிக்க வேண்டியிருந்தது. ஆனால் கணுக்கால் வீங்கியிருந்தது, அழுத்தினால் விழும் பள்ளம் மேலெழ நேரமாயிற்று. சிறுநீரகத்தின் வேகம் சற்றுக் குறைந்திருக்கிறது, கூர்ந்து பார்ப்போம் என்றார் மருத்துவர்.

மறுநாள் அக்கா கூப்பிட்டார்.

"நீ எப்படிடா இருக்கே?"

முதல்முறையாக அந்தக் கேள்வி முதலில் வந்தது. கட்டி கரைகிறது என்றார் இவர். அடுத்து பெண்ணைப் பற்றிய கேள்விக்குக் காத்திருந்தார். அது வரவில்லை.

"ராணி கொஞ்சம் மொகத்தத் தூக்கி வச்சிருக்காக்கா."

"கோவிச்சுக்குவா. எம்பொண்ணு வீட்டை விட்டுப் போகமாட்டா."

அக்காவின் குரலில் வழக்கமான சிரிப்பைத் தேடிப் பார்த்தார். கிடைக்கவில்லை.