போட்டுக்குள் படுத்த கதை

கொத்மலை நீர்த்தேக்கத்துக் கரையில் இருக்கும் ஒரு சின்ன ஹோட்டலில் எனக்கு வேலை. மீன் பிடிக்க வரும் பெண்களைப் போட்டில் கூட்டிக்கொண்டு போவேன். துடுப்புப் போடுவதும் நான்தான். புதிதாகச் சேருகிறவர்கள், "பூச்சிக் கடிக்கு என்னக்கா செய்றது?" என்று கேட்டால் என் முதல் நாளைச் சொல்லுவேன். விழுந்து விழுந்து சிரிப்பார்கள். சிரிக்கட்டும், எனக்கென்ன!

அதற்கு முன் பதினெட்டு வருசம் அக்கரப்பத்தனைப் பக்கம் தேயிலைக் கொழுந்து எடுத்தேன். ஒரு நாள் குளவிக் கூடு கலைந்தது. என் பக்கத்து நிரையில் நின்ற மாரியாயி ஆஸ்பத்திரிக்குப் போனவள் திரும்பி வரவில்லை. அதன் பிறகு தேயிலைச் செடிக்குள் நுழையவே எனக்குப் பயம். அதனால்தான் இந்த வேலையைத் தேடி வந்தேன். மேனேஜர் முதலிலேயே சொல்லிவிட்டார்.

"ஒரு மாசம் பாப்போம். கெஸ்ட்டுக்கு ஒன்ன புடிக்கலேன்னா நான் ஒண்ணும் செய்ய ஏலாது."

இந்த வேலை போனால் மறுபடியும் கொழுந்து மலைதான். அந்த நினைப்போடுதான் போட்டில் ஏறினேன்.

என் முதல் கெஸ்ட் யாழ்ப்பாணத்து டீச்சர், ஓய்வு பெற்றவர், தனியாக வந்திருந்தார். முழுக்கைச் சட்டை போடச் சொன்னேன். காலுறையைக் காற்சட்டைக்கு மேலே இழுத்துவிட்டேன். பூச்சி அண்டாமல் இருக்கப் பங்கிரிப் புல் எண்ணெயை அவருடைய சட்டைக் கையிலும் கழுத்துப் பட்டியிலும் தொட்டு வைத்தேன். விரலில் படக்கூடாது, இரையில் அந்த வாடை ஏறினால் மீன் கிட்டவே வராது. கொழுந்து எடுக்கும்போது நனையாமல் இருக்க இடுப்பில் கட்டுவோமே படங்கு, அதையும் பழக்க தோசத்தில் கட்டிவிட்டேன்.

"ஏன் பிள்ளை, என்னைக் கொழுந்து கிள்ளவோ கூட்டிக்கொண்டு போறீர்?" என்று டீச்சர் சிரித்தார்.

பொழுது சாய்கிற நேரம். தண்ணீர் அசையவேயில்லை. மலைகள் தலைகீழாக அதற்குள் கிடந்தன. பனிமூட்டம் மெல்ல இறங்கி வந்து போட்டைச் சுற்றிக்கொண்டது. அணை கட்டியபோது மூழ்கிய ஊர்கள் எங்களுக்குக் கீழே இருந்தன. அங்கே தூங்குகிறவர்களை எழுப்பிவிடக் கூடாது என்பதுபோல டீச்சர் தூண்டிலை மெதுவாக இறக்கினார். எவ்வளவு நேரம் போனது என்றே தெரியவில்லை. பயம் இல்லாமல் மூச்சு விட்டு எவ்வளவு காலமாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

"இலையான் வருது பிள்ளை, அங்க பாரும்."

இலையானா? அந்தச் சொல்லை நான் கேட்டதேயில்லை. எங்கள் பக்கம் ஈ என்றுதான் சொல்லுவோம். திரும்பிப் பார்த்தேன். கரையோரப் புல்லிலிருந்து கறுப்பாக ஒரு கூட்டம் ரீங்காரத்தோடு எங்களை நோக்கி வந்தது.

"குளவி! படுங்க! படுங்க!"

மலையில் அந்தச் சத்தம் கேட்டால் யாரும் யோசிக்க மாட்டோம். படங்கால் தலையை மூடிக் குப்புற விழுந்துவிடுவோம். டீச்சரைப் பிடித்து இழுத்துப் போட்டுக்குள் கிடத்தினேன். படங்கை அவிழ்த்து அவர் தலையை மூடி, மேலே நான் படுத்துக்கொண்டேன். போட் ஒரு பக்கமாகச் சாய்ந்து மடமடவென்று தண்ணீர் ஏறியது. தூண்டில் போயே போய்விட்டது. முதல் கொட்டு எங்கே விழும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தேன். கழுத்தில் அரித்தது. பிறகு காதில் அரித்தது. அவ்வளவுதான்.

அடியிலிருந்து குரல் வந்தது. "பிள்ளை, இது குளவி இல்லை. நுளம்பும் இலையானும்தான். எழும்பும், எனக்கு மூச்சு முட்டுது."

கணுக்கால் அளவு தண்ணீரில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன். மாரியாயியைப் பற்றிச் சொன்னேன். டீச்சர் கேட்டபடியே தொப்பியால் தண்ணீரை இறைத்துக்கொண்டேயிருந்தார்.

கரையில் மேனேஜர் நின்றார். எங்கள் கோலத்தைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது.

"என்ன நடந்திச்சு? தூண்டில் எங்க?"

"கொசு, ஈக் கூட்டத்த குளவின்னு நெனச்சிட்டேங்க ஐயா." வேலை போயிற்று என்றே முடிவு செய்துவிட்டேன்.

ஈரம் சொட்டச் சொட்ட டீச்சர் முன்னால் வந்தார். "குளவியா இருந்திருந்தா, எனக்கு ஒண்டும் கொட்டியிருக்காது. எல்லாம் இவவுக்குத்தான் கொட்டியிருக்கும். நாளைக்கும் எனக்கு இவதான் வேணும்."

அதனால் புதிதாகச் சேருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: பூச்சி வந்தால் போட்டில் எழும்பாதீர்கள், படுக்காதீர்கள். உட்கார்ந்தபடி முகத்தை மூடிக்கொண்டு, காற்றடிக்கும் நடுத்தண்ணீருக்குப் போட்டைத் திருப்புங்கள். முதலில் என்ன பூச்சி என்று பாருங்கள். குளவியேதான் என்றால்? வேறு வழி எனக்கு இன்றைக்கும் தெரியாது. கெஸ்ட் மேல் படுத்துக்கொள்வேன்.