மூளைக்குப் பசிக்கும் நேரம்

அலுவலகத்தில் அவருக்கு டைம்பீஸ் என்று பெயர். கையில் கடிகாரம் கட்டமாட்டார். ஆனால் எந்த ஆபீசர் முன்னால் எந்த ஃபைலை எத்தனை மணிக்கு நீட்டினால் கையெழுத்து விழும் என்று அவரிடம்தான் கேட்க வேண்டும். கட்டட வரைபடங்களுக்கு அனுமதி தரும் அந்த ஆபீஸில் இருபத்தாறு வருடமாக உதவியாளர். மேஜைக்கு மேஜை ஃபைல் தூக்குவது சம்பளத்துக்குச் செய்த வேலை. ஆபீசர்களின் தலைக்குள் என்ன வேகிறது என்று நாடி பிடிப்பது அவராக இழுத்துப் போட்டுக்கொண்ட வேலை.

இந்த ஞானம் ஒரு படிக்கட்டிலிருந்து வந்தது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஓர் ஆபீசர், பகல் பன்னிரண்டரைக்கு ஒரு வீட்டு வரைபடத்தைப் பார்த்து, "படிக்கட்டு அகலம் பத்தாது" என்று விசிறி எறிந்தார். தவறுதலாக அதே ஃபைல் இரண்டரை மணிக்கு மறுபடி அவர் மேஜைக்குப் போய்விட்டது. ஏப்பம் விட்டபடியே கையெழுத்துப் போட்டார். சட்டப்படி இருக்க வேண்டிய அகலம் அந்தப் படிக்கட்டுக்கு முதலிலிருந்தே இருந்தது. நடுவில் ஆபீசர் சாப்பிட்டிருந்தார், அவ்வளவுதான் வித்தியாசம்.

மனைவி நர்ஸ். அவளிடம் இதைச் சொன்னபோது அவள் ஆச்சரியப்படவே இல்லை. "மூளை எடை உடம்புல நூத்துல ரெண்டு பங்குதாங்க. ஆனா நாம சாப்பிடறதுல அஞ்சுல ஒரு பங்கை அது ஒண்ணே முழுங்கிடுது" என்றாள்.

"அப்ப மூளைங்கறது வயித்து மேல வெச்ச மூடி. அப்படித்தானே?"

"நான் எப்ப அப்படிச் சொன்னேன்? தூக்கம், பயம், பழைய ஞாபகம், பாசம் எல்லாம் கூடி உக்காந்துதான் அங்க முடிவு எடுக்குது. பசி அதுல ஒரு ஆளு, அவ்வளவுதான்."

நம் ஆள் மூடியை மட்டும் எடுத்துக்கொண்டு மிச்சத்தைக் காற்றில் விட்டுவிட்டார். நாம் மட்டும் நமக்குப் பிடித்ததைத் தவிர வேறு எதைக் காதில் வாங்கியிருக்கிறோம்? அன்றிலிருந்து பன்னிரண்டு முதல் இரண்டு வரை ஒரு ஃபைலும் ஆபீசர் அறை வாசலைத் தாண்டியதில்லை. அவசரம் என்று பறப்பவர்களையும், "பொறுங்க, இப்ப உள்ள மழை பெய்யுது" என்று பெஞ்சில் உட்கார வைத்துவிடுவார்.

இவ்வளவு கெட்டிக்காரருக்குச் சொந்த விஷயத்தில் மட்டும் நேரம் கூடி வரவில்லை. மனைவிக்கு வெளியூர் ஆஸ்பத்திரியில் வேலை. ஒன்பது வருடமாக அவள் அங்கே, இவர் இங்கே. மாதத்துக்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமைதான் குடும்பம். அந்த ஊர்க் கிளை ஆபீஸில் இவர் பதவிக்கு இப்போதுதான் முதல்முறையாக ஓர் இடம் காலியாகியிருந்தது. மாறுதல் மனுவில் ஆபீசரின் கையெழுத்து வேண்டும். வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குத் தலைமை அலுவலகத்துக்குக் கிளம்பும் தபால் பையில் அது போயாக வேண்டும். தவறினால் அந்த நாற்காலியில் வேறு யாராவது உட்கார்ந்துவிடுவார்கள். அப்புறம் இன்னொரு ஒன்பது வருடம்.

ஆபீசர் புதியவர், ஒரு மேடம். வந்து இரண்டு மாதம்தான். டைம்பீஸ் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தும் பிடிபடவில்லை. ஒரு நாள் பதினோரு மணிக்குச் சாப்பிடுவார், ஒரு நாள் மூன்று மணிக்கு. பசியிலும் சிரிப்பார், சாப்பிட்டுவிட்டும் முறைப்பார். இப்படி ஒரு தலையை அவர் இருபத்தாறு வருடத்தில் பார்த்ததில்லை.

திங்கட்கிழமை மனுவோடு போனார். மேடம் அறுந்த செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தார். டைம்பீஸ் அப்படியே திரும்பி வந்துவிட்டார். செவ்வாய்க்கிழமை போனில் யாருடனோ காரசாரமான பேச்சு. புதன்கிழமை ஃபேன் ஓடவில்லை. வியாழக்கிழமை டிபன் பாக்ஸ் திறக்கப்படவே இல்லை.

"நேரா போய்க் குடுத்துட்டு வாங்களேன். அவங்க என்ன கடிச்சா தின்னுடுவாங்க?" என்றார் டைப்பிஸ்ட் அக்கா.

"உங்களுக்கு ஒண்ணும் தெரியாதுக்கா. நேரம்னு ஒண்ணு இருக்கு."

வெள்ளிக்கிழமை அந்த நேரம் வந்தே விட்டது. மேடம் வயிறாரச் சாப்பிட்டிருந்தார். ஃபேன் ஓடியது. கால்களில் புதுச் செருப்பு. போனில் யாரிடமோ கலகலவென்று சிரித்துக்கொண்டிருந்தார். மணி மூன்றரை. டைம்பீஸ் உள்ளே போய் மனுவை வைத்தார்.

மேடம் தேதியைப் பார்த்தார். "இதுல திங்கக்கிழமை தேதி இருக்கே. இன்னைக்கு சாயங்காலம் பை கிளம்புது. இவ்வளவு நாள் எங்க வெச்சிருந்தீங்க?"

சாதாரணக் கேள்வி. ஆனால் அந்த அறையில் இருந்த இரண்டு மூளைகளில் ஒன்றைத்தான் டைம்பீஸ் கணக்கில் எடுத்திருந்தார். இன்னொன்று அவருடையது. அது நான்கு நாளாகத் தூங்கவில்லை. காலையிலிருந்து ஒரு டீ கூட உள்ளே போகவில்லை.

"எங்க வெச்சிருந்தேனா? திங்கக்கிழமை செருப்பு அறுந்துடுச்சுன்னு முகத்தைத் தூக்கி வெச்சிருந்தீங்க. செவ்வாய்க்கிழமை போன்ல சண்டை. புதன்கிழமை ஃபேன். நேத்து சாப்பிடவே இல்ல. ஒரு மனுஷன் கட்டின பொண்டாட்டியோட ஒரே வீட்டுல இருக்கணும்னா எப்பதான் மேடம் உள்ள வர்றது?"

வெளியே டைப் அடிக்கும் சத்தம் நின்றது. அந்தப் பேச்சு தன் வாயிலிருந்துதான் வந்தது என்று டைம்பீஸாலேயே நம்ப முடியவில்லை. இருபத்தாறு வருடத்தில் ஓர் ஆபீசரிடம் குரல் உயர்த்தியதில்லை. போச்சு, எல்லாம் போச்சு.

மேடம் பேனாவைக் கீழே வைத்தார். "காலையில சாப்பிட்டீங்களா?"

"இல்ல மேடம்."

"மதியம்?"

இல்லை என்று தலையை ஆட்டினார். மேடம் இழுப்பறையிலிருந்து ஒரு வாழைப்பழத்தையும் பிஸ்கட் பொட்டலத்தையும் எடுத்து அவர் பக்கம் தள்ளினார். "உக்காருங்க. முதல்ல இதைச் சாப்பிடுங்க."

சாப்பிட்டார். வெட்கம் ஒரு பக்கம், பசி ஒரு பக்கம். பசிதான் ஜெயித்தது.

"செருப்பு அறுந்தா எனக்குக் கோபம் வரும்தான். அதுக்காக உங்க மனுவைக் கிழிச்சா போடுவேன்? என் தலைக்குள்ள கோபம் மட்டுமா குடியிருக்கு?" மேடம் கையெழுத்துப் போட்டார். உடனே சந்தேகத்தோடு நிமிர்ந்தார். "ஆமா, பன்னண்டுலேர்ந்து ரெண்டு வரைக்கும் இந்த ஆபீஸ்ல யாருமே வேலை செய்யறதில்லன்னு நெனச்சேன். அது உங்க வேலையா?"

அதற்கு டைம்பீஸ் பதில் சொல்லவில்லை. வாயில் பிஸ்கட் இருந்தது என்று வைத்துக்கொள்வோம்.

மனுவைப் பையில் போட்டுவிட்டு மாடிப்படிக்கு ஓடினார். கை தன் பாட்டுக்கு மனைவியின் எண்ணை அழுத்தியது. மணி நாலே கால். வழக்கமாக அவளை அவர் இரவு எட்டரைக்குத்தான் கூப்பிடுவார். அவள் குளித்துச் சாப்பிட்டு ஓய்ந்திருக்கும் நேரம். எது சொன்னாலும் சிரிப்பாள்.

"என்னங்க, யாருக்கு என்ன ஆச்சு?" குரல் கம்மியிருந்தது.

"ஒண்ணும் ஆகல. நீ அழறியா?"

"இல்ல." மூக்கை உறிஞ்சிவிட்டு, "ஆமா. வார்டுல இன்னைக்கு ஒருத்தர் போயிட்டாரு. டூட்டி முடிஞ்சு துணி மாத்தற ரூம்ல கொஞ்ச நேரம் இப்படி உக்காந்துட்டுதான் கிளம்புவேன்."

"தினமுமா? எங்கிட்ட நீ சொன்னதே இல்லையே."

"நீங்க கூப்பிடறதுக்குள்ள எல்லாம் சரியாயிடும். அப்புறம் எதைச் சொல்றது?"

டைம்பீஸுக்குச் சுருக்கென்றது. ஊரார் தலையெல்லாம் படித்தவர், ஒன்பது வருடமாக எட்டரை மணி மனைவியோடு மட்டும் குடும்பம் நடத்தியிருக்கிறார். நாலே கால் மணிக்காரியை இன்றுதான் சந்திக்கிறார். அவருக்கு அவமானமாக இருந்தது.

"மாறுதல் கையெழுத்தாயிடுச்சும்மா. நான் அங்கயே வந்துடறேன்."

அந்தப் பக்கம் பெரிதாகவே அழுகை வந்தது. அப்புறம் கூப்பிடட்டுமா என்ற கேள்வி அவர் நாக்கு நுனிவரை வந்தது. அதை விழுங்கினார்.

"நீ அழு. நான் வைக்க மாட்டேன்" என்று படியில் உட்கார்ந்தார்.

ஐந்து மணிக்குத் தபால் பையைத் தூக்கிக்கொண்டு ஆட்கள் அவரைத் தாண்டி இறங்கினார்கள். அவர் கால்களை ஒடுக்கி வழிவிட்டார். போன் காதிலேயே இருந்தது.