ராசியான பீட்

வீட்டில் அவளுக்கு வக்கீல் என்று பெயர். வேதியியல் படித்தவளுக்கு எதற்கு அந்தப் பெயர் என்றால், பேச்சு வந்த நாளிலிருந்து குறுக்கு விசாரணைதான். மழை வரும், குடை எடுத்துக்கொள் என்றால் "யார் சொன்னா?" என்பாள். அவள் அம்மா, வீட்டின் முன்னறையில் அழகு நிலையம் நடத்துகிறவள். வந்தவர் தலைக்குச் சாயம் பூசிக்கொண்டே, "இவளைக் கட்டிக்கப் போறவன் ஜாமீன் வாங்கிட்டுத்தான் வரணும்" என்று அலுத்துக்கொள்வாள். ஆராய்ச்சிக்குச் சேர்ந்த இடத்துக்கும் அந்தப் பட்டப்பெயர் எப்படியோ மோப்பம் பிடித்து வந்து சேர்ந்துவிட்டது.

அப்பேர்ப்பட்ட வக்கீல், கேட்டிருக்க வேண்டிய ஒரு கேள்வியை மூன்று வருஷம் கேட்காமலே விட்டாள். அதற்காகத்தான் இத்தனையும் சொல்ல வேண்டியிருக்கிறது.

அவளுடைய லேபில் ஒரு ராசியான பீட் இருந்தது. பீட் என்பது வெள்ளை உறை போட்ட சின்னக் காந்தம், சுண்டுவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் நீளம். குடுவைக்குள் போட்டு அடியில் இருக்கும் இயந்திரத்தைத் திருகினால் உள்ளே கிறுகிறுவென்று சுற்றிக் கலக்கும். லேபில் ஒரு டப்பா நிறைய பீட் கிடக்கும். ஆனாலும் பழுத்துப்போய், உடம்பெல்லாம் கீறலோடு இருந்த அந்த ஒன்றுக்குத்தான் கிராக்கி. அதைப் போட்டால் வேதிவினை தப்பாமல் நடக்கும் என்பார்கள். அவளுக்கு முன்பே அங்கே ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த சீனியர், வேலை கிடைத்துப் போகும்போது அதை ஒரு சின்னக் கண்ணாடிப் புட்டியில் போட்டு அவள் கையில் கொடுத்து, "பத்திரமா வச்சுக்க. யாருக்கும் கடன் குடுக்காத" என்றார். விஞ்ஞானம் படித்தவர்கள் ராசி பார்ப்பார்களா என்று கேட்டால், சாமி சத்தியமாகப் பார்ப்பார்கள். பரீட்சைக்கு ஒரே பேனா எடுத்துக்கொண்டு போனவர்கள்தானே எல்லோரும்.

அந்த லேபின் பெருமையெல்லாம் ஒரே கட்டுரையில் இருந்தது. இரண்டு மூலக்கூறுகளை இணைக்கத் தங்கத்தோடு போட்டி போடும் விலையில் விற்கும் பல்லேடியம் என்ற உலோகம் வேண்டும். அது இல்லாமலே, மலிவான ஒரு வெள்ளைப் பொடியை வைத்து இணைத்துக் காட்டினோம் என்றது கட்டுரை. அதில் மூன்று பேர் பெயர். லேபின் தலைவர் ஒருவர். அவரை முதுகுக்குப் பின்னால் பெரியவர் என்பார்கள். இன்னொருவர் சீனியர். மூன்றாவது, வக்கீல். அவள் பெயர் அச்சில் வந்த ஒரே கட்டுரை அதுதான். அம்மா அதன் முதல் பக்கத்தைச் சட்டம் போட்டு, ஃபேஷியல் விலைப் பட்டியலுக்குப் பக்கத்தில் மாட்டியிருந்தாள்.

அந்த வேலையின் அடுத்த கட்டத்தைப் பேசத்தான் அவளுக்கு வெளிநாட்டில் நடக்கும் ஒரு சர்வதேச மாநாட்டில் இடம் கிடைத்தது. இளம் ஆராய்ச்சியாளர்களுக்கான அமர்வு, பத்து நிமிஷப் பேச்சு. கிளம்புவதற்குக் கொஞ்ச நாள் முன்பு, ஒரு மத்தியானம், குடுவையில் இருந்ததைக் கழிவுக் கேனில் கவிழ்த்தாள். ராசியான பீட்டும் கூடவே தொபுக்கென்று உள்ளே போனது. வேதியியல்காரர்கள் எல்லோரும் வாழ்நாளில் ஒரு தடவையாவது செய்கிற கூத்து இது. துழாவி எடுக்கச் சோம்பல்பட்டு, அடுத்த குடுவையில் முதல் தடவையாகப் புது பீட் ஒன்றைப் போட்டாள்.

வினை நடக்கவே இல்லை. திரும்பச் செய்தாள், இல்லை. பொடியை மாற்றினாள், கரைப்பானை மாற்றினாள், தலைகீழாக நின்று பார்த்தாள், ஊஹும். கடைசியில் மூக்கைப் பொத்திக்கொண்டு கேனுக்குள் காந்தக் கம்பியை விட்டு ராசியானதை மீட்டுக் கழுவிப் போட்டாள். சமர்த்தாக நடந்தது.

வேறு யாராக இருந்தாலும் மகராசி என்று அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு வேலையைப் பார்த்திருப்பார்கள். இவள் கேள்வி கேட்க ஆரம்பித்தாள். அந்த பீட்டுக்கு வயசு என்ன, சீனியருக்கு முன்னால் அதை யார் வைத்திருந்தார், எதைக் கலக்கினார்? விசாரித்தாள். சீனியருக்கும் முந்தைய ஆள் வருஷக்கணக்காகப் பல்லேடியத்தைத்தான் கலக்கியிருக்கிறார். அந்தக் கீறல்களுக்குள் அந்த உலோகம் கண்ணுக்குத் தெரியாமல் குடியிருந்தால்?

பீட்டை ராஜ திராவகத்தில் போட்டு ஊறவைத்தாள். தங்கத்தையே கரைக்கும் அமிலம் அது. கழுவி மறுபடி குடுவையில் போட்டபோது ராசி காலி, வினை நடக்கவில்லை. பிறகு புத்தம்புது பீட்டோடு, ஊசிமுனை அளவு பல்லேடியத்தைச் சேர்த்தாள். அமோகமாக நடந்தது. உலோகமே வேண்டாம் என்று ஊருக்கெல்லாம் சொன்ன வினை, திருட்டுத்தனமாக உலோகத்தைத் தின்றுதான் ஓடியிருக்கிறது. கட்டுரை தப்பு. மூன்று வருஷமும் தப்பு.

பெரியவர் இதைக் கேட்டதும் சிரித்தார். "ஈரம் உள்ள போயிருக்கும்மா. புது பீட்டைக் காய வச்சியா?"

"காய வச்சேன் சார். எல்லா விதத்திலயும் செஞ்சு பாத்துட்டேன்."

அவர் சிரிப்பு மெதுவாக இறங்கியது. "சரி. இப்போதைக்கு இத யார்கிட்டயும் சொல்லாத. போட்ட தலைப்புல பேசிட்டு வா. வந்தப்புறம் நிதானமாப் பாப்போம்."

"தப்புன்னு தெரிஞ்சும் எப்படி சார் பேசறது?"

"உன் தீசிஸே அதுமேல நிக்குது. அத இடிச்சா நீதான் அடியில மாட்டுவ. யோசிச்சுக்க."

அவர் சொன்னது பொய்யில்லை. கையெழுத்துப் போட வேண்டியவரும் அவர், நற்சான்று எழுத வேண்டியவரும் அவர். அதனால்தான் அவளுக்கு ஆத்திரம் வந்தது. ஒருவருக்குப் பயப்பட இன்னொருவருக்கு இவ்வளவு நல்ல காரணம் இருக்கக் கூடாது.

மாநாட்டுக்கு முதல் நாள் விடுதி அறையிலிருந்து அம்மாவுக்கு ஃபோன் போட்டு எல்லாவற்றையும் கொட்டினாள்.

"வாய மூடிட்டு, அவர் சொன்னத பேசிட்டு வாடீ," என்றாள் அம்மா. "ஊரே நம்புது. உனக்கென்ன வந்துச்சு?"

"அம்மா, ஒரு சாயம் போட்டு ஒருத்தருக்குத் தலை வெந்துபோச்சுன்னு வச்சுக்க. மிச்ச டப்பாவ என்ன பண்ணுவ?"

"தூக்கிக் குப்பையில போடுவேன். இதென்ன கேள்வி?"

"கம்பெனிக்காரன் வேணாம்னு சொன்னா?"

"அவன் யாருடீ என்கிட்ட சொல்றதுக்கு?" என்றவள் சுதாரித்துக்கொண்டாள். "அது வேற, இது வேற."

"எப்படி வேற?"

"சாப்டியா?" என்றாள் அம்மா. வழக்கில் தோற்றால் அவள் கேட்கும் கேள்வி அது.

மறுநாள் அரங்கு முக்கால்வாசி நிறைந்திருந்தது. அவளுக்கு முன்னால் பேசிய பையன்கள், பெண்கள் எல்லோரும் முகம் வெளுத்து மேடையேறி, முகம் சிவந்து இறங்கினார்கள். பெரியவர் மூன்றாம் வரிசையில், தெரிந்தவர்களுக்கு நடுவே கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். இவளும் பயந்துகொண்டேதான் மைக்கைப் பிடித்தாள். திரையில் பழைய தலைப்பு வந்தது.

"இந்தத் தலைப்பு தப்பு. ஏன் தப்புன்னு சொல்லத்தான் வந்திருக்கேன்," என்று ஆங்கிலத்தில் ஆரம்பித்தாள்.

பிறகு பயம் எங்கே போனதென்று தெரியவில்லை. பழுத்துப்போன பீட்டின் படத்தைப் போட்டபோது அரங்கில் சிரிப்பு எழுந்தது. அவரவர் லேபில் ஒன்று இருக்கும் போல. அமிலத்தில் ஊறவைத்த பின் வந்த முடிவைக் காட்டியபோது சிரிப்பு அடங்கிவிட்டது. எதையும் பூசி மெழுகாமல் முடித்தாள்.

முன்வரிசையில் ஒரு நரைத்த தலை எழுந்தது. "அப்படியானால் அந்தக் கட்டுரையில் இருப்பது?"

"தப்பு."

"எழுதியது யார்?"

"மூணு பேர். அதுல ஒருத்தி நான்."

பெரியவர் எழுந்துவிட்டார். மைக் இல்லாமலே கணீரென்று பேசினார். இது அரைவேக்காட்டு முடிவு, தன் அனுமதி இல்லாமல் மாணவி பேசுகிறாள், சபை இதைப் பொருட்படுத்த வேண்டாம். எல்லாத் தலைகளும் மேடைப் பக்கம் திரும்பின.

"அனுமதி வாங்கலைங்கறது உண்மை," என்றாள் அவள். "சோதனையில எங்க தப்புன்னு காட்டுங்க சார். இங்கயே திருத்திக்கறேன்."

அமர்வை நடத்தியவர் நேரமாகிவிட்டது என்று எல்லோரையும் காப்பாற்றினார்.

வெளியே காபி மேசைகளுக்குப் பக்கத்தில் பெரியவர் அவளை மடக்கினார். அவர் வாயைத் திறப்பதற்குள், மாநாடு நடந்த அந்த நாட்டுப் பெண் ஒருத்தி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து வக்கீலின் கையைப் பிடித்துக்கொண்டாள். பெரியவர் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டை திரும்பிக் கிடந்தது. அரங்கின் கடைசியில் நின்று அவர் முதுகை மட்டும் பார்த்திருந்தவளுக்கு, பக்கத்தில் நிற்பவர் யாரென்று தெரியவில்லை.

"உங்க வினையத்தான் எனக்கு முதல் வேலையாக் குடுத்தாங்க," என்று உடைந்த ஆங்கிலத்தில் சொன்னாள். "ஒரு வருஷம் செஞ்சேன். ஒரு தடவைகூட வரல. சுத்தமா வேலை செய்யத் தெரியாதவன்னு முத்திரை குத்தி, ஆராய்ச்சிக்குக் குடுத்த இடத்தப் பிடுங்கிட்டாங்க. இப்போ வேற யாரோட லேபுலயோ குடுவை கழுவிட்டிருக்கேன். இந்த மாநாட்டுக்குக்கூட வாசல்ல பை குடுக்கற வேலைக்குத்தான் வந்தேன்." கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஒரு தடவை தலையை ஆட்டிவிட்டு, அவசரமாகப் போய்விட்டாள்.

பெரியவர் காபிக் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கும் கேட்டது, நன்றாகவே கேட்டது. ஆனால் ஒருவர் இத்தனை வருஷம் கட்டியதை ஒரு நொடியில் கீழே வைத்துவிட மாட்டார்.

"திங்கக்கிழமை வந்து உன் மேசையக் காலி பண்ணிடு," என்றார், தாழ்ந்த குரலில். "இனிமே என் லேபுல உனக்கு வேலை இல்ல."

"மாட்டேன் சார்," என்றாள். "திங்கக்கிழமை வருவேன். அந்த மேசையில உக்காந்துதான் அந்தப் பொண்ணோட பொழப்ப நான் கெடுத்தேன். சரி பண்றவரைக்கும் அது என் மேசை."